மேல்வீட்டுத் தரையை உடைக்க வேண்டாம்: பூஞ்சைக்குப் பொறுப்பு கீழ்வீட்டுக்காரன்

அனுப்புநர்:
குடியிருப்பாளர்,
வீட்டு எண் 2/7, இரண்டாம் தளம், ஆ தொகுதி,
வாரியக் குடியிருப்பு.
(தொழில்: கண் பரிசோதனை, மூக்குக்கண்ணாடி விற்பனை)

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
குடியிருப்புப் பராமரிப்புப் பிரிவு.

பொருள்: 3/7 வீட்டின் குளியலறைத் தரையை வரும் 18ஆம் தேதி உடைக்கும் ஆணையை ரத்து செய்யக் கோருதல் – என் முந்தைய புகாரைத் திரும்பப் பெறுதல் – அப்புகாரைக் கொடுத்தவர் மீதே புகார் கொடுத்தல் – தொடர்பாக.

பார்வை:
1. சுவர்ப் பூஞ்சை குறித்து நான் கொடுத்த புகார் (ஒன்பது பக்கம்).
2. உதவிப் பொறியாளரின் ஆய்வறிக்கை (ஒரு பக்கம்).
3. தங்கள் ஆணை (அரைப் பக்கம்).

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வெட்கத்தோடு கூடிய வணக்கம்.

1. ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தள்ளிப்போட்டால் துணிச்சல் போய்விடும். பார்வை 2இல் கண்ட ஆய்வறிக்கையில், "ஆய்வின்போது வீட்டுக்காரர் இல்லை. மருந்தடிக்க வந்திருந்த தொழிலாளி உடனிருந்தார். இருபதாண்டு அனுபவமுள்ள அவர், மேல்தளக் கசிவே காரணம் என உறுதிபடத் தெரிவித்தார்" என்று எழுதப்பட்டுள்ளது. அந்தத் தொழிலாளி நான்தான்.

2. நடந்தது இதுதான். அன்று செவ்வாய்க்கிழமை, எங்கள் கடைக்கு வார விடுமுறை. பூஞ்சையோடு போராடுவதற்காக நான் மழைக்கோட்டு, நீச்சல் கண்ணாடி, இரண்டு முகக்கவசம், முழங்கை வரை ரப்பர் உறை ஆகியவற்றை அணிந்திருந்தேன். தலையில் என் மனைவியின் பூப்போட்ட குளியல் தொப்பி. (தொப்பிக்குக் காரணம் வேறு, அது இம்மனுவுக்குத் தேவையில்லை.) அழைப்பு மணி அடித்தது. செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் புட்டியோடு போய்க் கதவைத் திறந்தேன். வாசலில் தங்கள் உதவிப் பொறியாளர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் இல்லையாப்பா?" என்று கேட்டார்.

ஐயா, எனக்கு ஐம்பத்தோரு வயது. இந்தக் கோலத்தில் நிற்பவன்தான் தங்களுக்கு ஒன்பது பக்கப் புகார் எழுதிய குடியிருப்பாளன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "இல்ல சார், வெளிய போயிருக்கார்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு திரும்பி வர வழியில்லை. "எத்தனை வருஷமா இந்த வேலை?" என்றார். "இருபது வருஷம் சார்." "அப்ப நீயே சொல்லு, இது எங்கேருந்து வருது?" நான் ஒரு விரலை மேலே காட்டினேன். "மேலேருந்துதான் சார். பாத்தாலே தெரியுதே." அவர் குறித்துக்கொண்டார். போகும்போது, "எங்க வீட்டுக் குளியலறை மூலையிலயும் இருக்குப்பா. ஞாயித்துக்கிழமை வந்து அடிச்சுக் குடுத்துரு" என்று முகவரி எழுதிக் கொடுத்தார். சரி என்று தலையாட்டினேன். அந்தச் சீட்டு இவ்வளவு நாளும் மழைக்கோட்டுப் பையிலேயே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் காத்திருந்திருப்பார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் காது சுடுகிறது.

3. தங்கள் ஆணை முழுவதும் அந்த ஒரு விரலின் மேல்தான் நிற்கிறது. ஆணைப்படி 3/7 வீட்டின் குளியலறைக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டு இன்றோடு முப்பத்து மூன்று நாள். குளியலறைக் கதவுக்கு அரக்கு முத்திரை. 18ஆம் தேதி காலை தரையை உடைக்க ஆட்கள் வருகிறார்கள். 17ஆம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்துவிட்டு நாற்பத்தைந்து நாள் வேறு எங்காவது இருந்துகொள்ள வேண்டும். அந்த வீட்டில் இருப்பவர் தையற்காரம்மா. தனி ஆள். இரண்டு தையல் இயந்திரம், ஒரு வெட்டு மேசை, வெட்டி அடுக்கி வைத்த நூற்றிருபது பள்ளிச் சீருடை. பள்ளி திறப்பது 25ஆம் தேதி. போய்த் தங்குவதற்கு அவருக்கு ஒரு தங்கை வீடு உண்டு. ஒற்றை அறை, இயந்திரம் நுழையாத வாசல்.

"இந்தத் தடவை சீருடை குடுக்கலன்னா அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடவே மாட்டாங்க. அப்புறம் இந்த வீட்டுல எனக்கு என்ன வேலை? சாவியக் குடுத்துட்டுத் தங்கச்சியோடயே இருந்துக்கறேன்" என்று அவர் படிக்கட்டில் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். அப்போது என் இரண்டு கையிலும் அவருடைய தண்ணீர் வாளிகள் இருந்தன. அது எப்படி என்பது பத்தி 11இல் வரும்.

அவர் வீட்டில் ஒரு சொட்டுக் கசிவு கிடையாது, ஐயா. எல்லாம் என் கைவண்ணம்.

4. என் மனைவி நூலகத்தில் புத்தகக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர். நான்கு மாதத்துக்கு முன், அவருடைய அக்கா மகளின் பிரசவத்துக்காக நூறு நாள் ஊருக்குப் போனார். போகும்போது வீட்டை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு தாள் நிறைய எழுதிவைத்துவிட்டுப் போனார். முதல் வரி: "காலையில் ஜன்னலைத் திறக்கவும்." இரண்டாவது வரி என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது, தாள் மூன்றாம் நாளே காணாமற் போய்விட்டது.

5. அவர் போன மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை, கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒரு கறை தென்பட்டது. உள்ளங்கை அகலம். கிட்டத்தட்ட வட்டம். நடுவில் நல்ல கறுப்பு, ஓரத்தில் பழுப்பு. இருபத்தாறு ஆண்டுகளாக ஊரார் கண்களைப் பரிசோதிப்பவன் நான். கடையிலிருந்து பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எதுவுமே பயமாகத்தான் தெரியும் என்பது என் தொழிலில் பாலபாடம். அதை அன்று மறந்துவிட்டேன். பூஞ்சை என்று முடிவு கட்டினேன்.

6. உடனே என் மைத்துனரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். பழுதுபார்க்க வரும் கைபேசிகள் ஓடுகின்றனவா என்று பார்க்கும் சாக்கில் உலகத்து வீடியோ அத்தனையும் பார்த்து முடித்தவர்.

"கறுப்பா, பச்சையா மாமா?"

"கறுப்பு."

"ஐயையோ. பச்சைன்னா தப்பிச்சீங்க. கறுப்புன்னா விஷம். பக்கத்துல போகாதீங்க மாமா."

சுவர் இருப்பது படுக்கையறையில். படுக்கையறை பத்துக்குப் பத்து. பக்கத்தில் போகாமல் எங்கே படுப்பது என்று கேட்டேன். அதற்கு அந்த வீடியோவில் பதில் இல்லையாம். ஆனால் வேறு இரண்டு உபதேசம் செய்தார். ஒன்று, பூஞ்சையின் விதை வெளிக்காற்றில்தான் வருகிறது, ஆகவே ஜன்னலை ஒட்டுநாடா போட்டு அடைத்துவிட வேண்டும். இரண்டு, காலையும் மாலையும் ப்ளீச்சிங் தண்ணீரைச் சுவரில் அடிக்க வேண்டும்.

இரண்டுமே தவறு என்று என் மனைவி பிறகு விளக்கினார். நிறத்தை வைத்து விஷமா இல்லையா என்று சொல்லவே முடியாதாம். எந்த நிறத்தில் இருந்தாலும் வீட்டில் வளரவிடக் கூடாது, அவ்வளவுதான். விதையோ எல்லா இடத்துக் காற்றிலும் இருக்கிறதாம். தங்கள் அலுவலகத்திலும், ஐயா, தங்கள் மேசைமேல் உள்ள இந்தக் கோப்பிலும் இருக்கும், அச்சம் வேண்டாம். விதை வருவதைத் தடுக்க யாராலும் முடியாது, முளைக்க அதற்கு ஈரம் கிடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். நான் விதையை வெளியே நிறுத்திவிட்டதாக நினைத்து, ஈரத்தை உள்ளே பூட்டினேன்.

7. கொஞ்சநஞ்ச ஈரமா? ஜன்னலை அடைத்தபின், வெளியே காயும் துணியிலும் விதை ஒட்டுமே என்ற பயத்தில் துணி முழுவதையும் படுக்கையறையிலேயே காயப்போட்டேன். பீரோவுக்கும் கதவுக்குமாகக் கயிறு. ஏழு சட்டை, இரண்டு போர்வை, மழைக்கோட்டு. அதோடு தினம் இரண்டு புட்டி ப்ளீச்சிங் தண்ணீர். சுவர் குடிக்கிறவரை குடித்தது. நிலைக்கண்ணாடி வியர்த்தது. நான் அறைக்குள் நுழைந்ததும் என் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிடும். தடவித் தடவித்தான் கட்டிலுக்குப் போவேன். ஊருக்குக் கண்ணாடி விற்கிறவனின் நிலைமை இது.

கறை என்னவோ ப்ளீச்சிங் பட்டதும் வெளுத்துவிடும். மைத்துனரிடம் வெற்றிச் செய்தி சொல்வேன். அடுத்த புதன்கிழமை காலை பார்த்தால் புது மெருகோடு அதே இடத்தில் நிற்கும்.

8. புதன்கிழமைதோறும் என்பதுதான் என் மூளையைக் கிளறியது. ஒரு நோட்டில் ஆறு வாரம் தேதி வாரியாகக் குறித்தேன். ஐயம் தீர்ந்தது: செவ்வாய் இரவுக்கும் புதன் காலைக்கும் நடுவில்தான் கறுக்கிறது. செவ்வாய்க்கிழமை என்ன நடக்கிறது? மேல்வீட்டுத் தையற்காரம்மா புதுத்துணியைத் தைக்குமுன் குளியலறையில் ஊறவைப்பது செவ்வாய்க்கிழமை! துப்பறிந்த மகிழ்ச்சியில் அன்று நான் கடையில் ஒருவருக்கு இடக்கண் அளவை வலக்கண்ணுக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். அவர் மறுநாள் வந்து, தனக்கு மாடிப்படி எல்லாம் ஒன்று கூடுதலாகத் தெரிவதாகச் சொன்னார்.

9. இதற்கிடையில் பெயிண்டர் ஒருவரை அழைத்திருந்தேன். ஈரச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இதுக்குப் போய்ப் பயப்படுறீங்களே சார். எனாமல் ரெண்டு கோட்டு அடிச்சா, மூச்சு முட்டித் தன்னால செத்துரும்." அடித்தார். சுவர் பளபளவென்று மின்னியது. பன்னிரண்டாம் நாள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கடைசி மூச்சு விடுது சார்" என்றார்.

பூஞ்சை செத்தால்கூடப் போதாது, துடைத்தெடுக்க வேண்டும் என்பதும், ஈரச் சுவரின்மேல் பெயிண்ட் அடிப்பது அதற்குப் போர்வை போர்த்திவிடுவது போல என்பதும் எங்கள் இருவருக்குமே தெரியாது. கொப்புளத்தைப் பார்க்கச் சகிக்காமல், பீரோவை இழுத்து அந்தச் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன்.

இரண்டாவது புதன்கிழமை, புதுச் சுவரில், தலைமாட்டுக்கு மேலே, அதே அகலத்தில், அதே உயரத்தில், அதே வட்டம்.

அது என்னைப் பின்தொடர்ந்து வந்துவிட்டது, ஐயா. மைத்துனரிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "மாமா, அது உங்களைத் தேடுது" என்றார். அன்றைக்குத்தான் நீச்சல் கண்ணாடி வாங்கினேன்.

10. கூரை முழுவதும் மேலிருந்து ஊறுகிறது என்று அப்போது முடிவுக்கு வந்தேன். அதற்கு ஒரு தர்க்கமும் வைத்திருந்தேன்: பூஞ்சை அழுக்கு வீட்டில்தான் வரும், நான் தினமும் தரை துடைப்பவன், ஆகவே இது என் வீட்டுப் பூஞ்சையாக இருக்க முடியாது, விருந்தாளிப் பூஞ்சை. இந்த அரிய வாதம் பார்வை 1இன் ஆறாம் பக்கத்தில் அடிக்கோடிட்டு உள்ளது. தயவுசெய்து அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். சுத்தமான வீட்டிலும் ஈரமும் அசையாத காற்றும் இருந்தால் பூஞ்சை பூக்கும். நான் தரை துடைத்த தண்ணீரும் அதே அறைக்குள்தான் ஆவியாகிக்கொண்டிருந்தது. துண்டுத்துணி இறைந்து கிடக்கும் தையற்காரம்மாவின் வீட்டிலோ, எல்லா ஜன்னலும் திறந்து, சுவர் எல்லாம் சருகாகக் காய்ந்திருக்கிறது.

புகாரைத் தபாலில் சேர்த்துவிட்டு, ஆய்வுக்கு வரும்வரை சும்மா இருப்பானேன் என்று கடைசியாக ஒரு வைத்தியம் செய்தேன். கிண்ணங்களில் உப்பு வைத்தால் அறையின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்றார் மைத்துனர். பதினான்கு கிண்ணம். அதில் ஆறு, பீரோவின் உச்சியில். உப்பு உண்மையிலேயே உறிஞ்சியது. உறிஞ்சி உறிஞ்சித் தானே தண்ணீராகிவிட்டது. உச்சியில் இருந்த ஆறும் நிறைந்து வழிந்து, பீரோவின் பின்னால் சுவரில் கோடு கோடாக இறங்கி, காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் படிந்தது. இதொன்றும் எனக்குத் தெரியாது. நான் பீரோவின் முன்பக்கத்தை மட்டுமே பார்ப்பவன்.

உதவிப் பொறியாளர் பின்பக்கத்தையும் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கே மூன்று வாரமாகக் காற்றே படாத எனாமல் சுவரில் பச்சை, சாம்பல், வெள்ளை என்று கம்பளி விரித்தது போல அசல் பூஞ்சை. மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள். "சுவரில் உப்புப் பூத்துள்ளது, மேலிருந்து நீர் வழிந்த தடம் தெளிவு" என்று எழுதினார். அவர்மேல் எள்ளளவும் குற்றமில்லை. உப்புப் பூத்திருந்தது உண்மை. மேலிருந்து வழிந்ததும் உண்மை. அந்த "மேல்" என்பது எங்கள் பீரோவின் உச்சி என்று அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் இருபது வருட அனுபவசாலி வேறு விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். எதிர்ச் சுவரின் வட்டத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, "சாட்சி. அழிக்கக் கூடாது" என்று எழுதிவிட்டுப் போனார்.

11. ஆணை வந்தது. தண்ணீர் நின்றது. மறுநாள் காலை நான் கடைக்குக் கிளம்பியபோது தையற்காரம்மா தரைத்தளக் குழாயிலிருந்து இரண்டு வாளியோடு படியேறி வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்து நின்றார்.

"கண்ணாடி சார், ஊருக்கெல்லாம் கண்ணு பாக்குறீங்க. உங்க சுவத்த ஒரு தடவ கண்ணாடி போட்டுப் பாத்தீங்களா?"

வாளிகளை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து நாளுக்கு எட்டு வாளி. மூன்று மாடி. என் முழங்கால் இப்போது ஏறும்போது ஒரு சுருதி, இறங்கும்போது ஒரு சுருதி. இரண்டாம் வாரம், ஆய்வறிக்கையின் நகல் அவர் கைக்கு வந்தது. படியில் நின்றே படித்தார்.

"யாரு சார் இந்த மருந்தடிக்கறவன்? என் வீட்டு வாசப்படிகூட மிதிக்காம மேலேருந்துதான்னு சொல்லியிருக்கான்? என் கையில மட்டும் கெடைக்கட்டும், வாயத் தெச்சு அனுப்பறேன். ரெட்டைத் தையல்."

நான் வாளியைத் தளும்பாமல் பிடித்துக்கொண்டு, அவன் எங்கே இனிமேல் இந்தப் பக்கம் வரப்போகிறான் என்று முணுமுணுத்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஐயா, இந்த மனுவில் நான் சிரிக்காமல் எழுதும் ஒரே வரி இது.

12. பத்தொன்பது நாளுக்கு முன் என் மனைவி திரும்பி வந்தார். தையற்காரம்மா படிக்கட்டிலேயே அவரிடம் ஆய்வறிக்கையைக் காட்டிவிட்டிருந்தார். பெட்டியைக் கீழே வைக்குமுன் பதினொரு தும்மல். எண்ணினேன். என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். பிறகு படுக்கையறைக் கதவைத் திறந்தார்.

"இது என்ன, வீடா இட்லிப் பானையா?" என்று கேட்டுவிட்டு, நேராகப் போய் ஜன்னலின் ஒட்டுநாடாவைக் கிழித்தார். நாற்காலி போட்டு ஏறி பீரோவின் உச்சியைப் பார்த்தார். ஒரு கிண்ணத்தைத் தூக்கினார். அதன் அடியில், வட்டமாக ஊறிப்போய், அவர் எழுதிவைத்துவிட்டுப் போன தாள். கிண்ணம் பீரோவைக் கீறாமல் இருக்க, கைக்குக் கிடைத்ததை என்னவென்று பார்க்காமலே நான் வைத்த தாள். இரண்டாவது வரி இப்போது தெரிந்துவிட்டது: "ஈரத் துணியைப் படுக்கையறையில் போடக் கூடாது."

"இந்தத் தண்ணி மேல்வீட்டுலேருந்து வந்துச்சா, நம்ம உப்புக் கிண்ணத்துலேருந்து வந்துச்சா?"

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அறிக்கையில யாரோ மருந்தடிக்கறவர் வந்தாருன்னு இருக்கே. நம்ம வீட்டுக்கு யாரு வந்தா?"

மின்விசிறியைத் தொடர்ந்து பார்த்தேன். அவர் மூலையில் தொங்கிய மழைக்கோட்டையும், நீச்சல் கண்ணாடியையும், தன்னுடைய குளியல் தொப்பியையும் வரிசையாகப் பார்த்தார். அதற்குமேல் கேள்வி வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. கட்டிலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர, மறுபடியும் தும்மத் தொடங்கும்வரை சிரித்தார்.

13. பிறகு நூலகத்தில் என்ன செய்வாரோ அதையே செய்தார். "பூசணத்துக்கு அழுக்கும் வேணாம், மேல்வீடும் வேணாம். ஈரம் போதும். ஈரத்த நிறுத்துங்க, மிச்சத்தைக் கை பாத்துக்கும்." பீரோ சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஊறிய பெயிண்ட்டைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி வெளியே போட்டோம். செத்த பூஞ்சைதானே, அப்படியே இருக்கட்டும் என்று நான் சொல்லிப் பார்த்தேன்; செத்ததும் தும்மல் வரவைக்கும் என்று தானே தும்மி நிரூபித்தார். துணிக்கயிறு மொட்டை மாடிக்குப் போனது. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் என்று ஒன்று இருப்பதும், அது ஓடும் என்பதும் எனக்குத் தெரியவந்தது.

இன்றோடு பத்தொன்பது நாள். சுவர் காய்ந்துவிட்டது. பீரோவின் பின்னால் கை வைத்தால் மாவு போல உலர்ந்திருக்கிறது. மேல்வீட்டில் தண்ணீர் நின்ற முதல் இரண்டு வாரம் எங்கள் சுவர் ஈரமாகவே இருந்தது. ஜன்னல் திறந்த பிறகுதான் காய்ந்தது. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும், ஐயா? சுண்ணக்கட்டிக் கோட்டுக்குள் இருக்கும் வட்டம் மட்டும் காயவும் இல்லை, மறையவும் இல்லை. அரசாங்கப் பாதுகாப்பில் இருப்பதால் அதை நாங்கள் தொடவில்லை.

14. நேற்று மாலை என் மனைவி என்னை மேல்வீட்டுக்கு அழைத்துப் போனார். அழைத்துப் போனார் என்பது மரியாதைக்கு எழுதுவது. சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு போனார். தையற்காரம்மா சீருடைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாதி கட்டிய மூட்டைகள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். விரலைத் தூக்கியது வரை சொன்னேன்.

இயந்திரம் நின்றது. அவர் எழுந்தார். கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து என் வாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பிடித்து அளந்தார். "ரெண்டேகால் அங்குலம்" என்று என் மனைவியிடம் சொன்னார். என் மனைவி குறித்துக்கொள்வது போலத் தலையாட்டினார். பிறகு தையற்காரம்மா உட்கார்ந்துகொண்டு, மூட்டைகளைப் பார்த்தபடி, குரல் இறங்கிப் போய்ச் சொன்னார்: "மனு எழுத வாய் வேண்டாம்ல, கை போதும்ல? அப்பக் கீழ போய் எழுதுங்க. பதினெட்டுக்குள்ள எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

15. ஆகவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வன:

அ) 3/7 வீட்டுத் தரையை உடைக்கும் ஆணையை 17ஆம் தேதிக்கு முன் ரத்து செய்து, முத்திரையை நீக்கி, இன்றே தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். மற்றவை தாமதமானாலும் இது தாமதமாகக் கூடாது. நூற்றிருபது பிள்ளைகளின் சட்டை காத்திருக்கிறது. அவருடைய வீடும் காத்திருக்கிறது.

ஆ) பார்வை 2இல் "தொழிலாளி" என்று வரும் இடங்களில் எல்லாம் "வீட்டுக்காரர்" என்று திருத்த வேண்டும். "அனுபவமுள்ள" என்பதை அடித்துவிடலாம்.

இ) தவறான தகவல் கொடுத்ததற்காக என்மீது விதிப்படி நடவடிக்கை எடுக்கலாம். எழுத்தில் எச்சரிக்கை தருவதாக இருந்தால், தையற்காரம்மாவுக்கும் ஒரு நகல் அனுப்பினால் அவர் மகிழ்வார்.

ஈ) சுண்ணக்கட்டிக் கோட்டுக்குள் இருக்கும் கடைசிப் பூஞ்சையை அழிக்க எங்களுக்கு அனுமதி தர வேண்டும்.

உ) உதவிப் பொறியாளர் அவர்களின் வீட்டுக் குளியலறை மூலைக்கு மருந்து தேவையில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று அவரிடம் தெரிவிக்க வேண்டும். விரும்பினால் ஞாயிற்றுக்கிழமை என் மனைவியை அனுப்பிவைக்கிறேன். நான் வர மாட்டேன்.

தங்கள் ஒரு கையெழுத்தில் ஒரு வீடு நிற்கும் என்ற நம்பிக்கையோடு,

மருந்தடிக்கத் தெரியாத
2/7 வீட்டுக்காரன்
(கையொப்பம்)

நாள்: 6ஆம் தேதி, புதன்கிழமை
இடம்: 2/7, திறந்த ஜன்னலுக்கு அருகில்

இணைப்பு:
1. மனைவி எழுதிய தாள், உப்புக் கறையுடன்.
2. புதன்கிழமைக் குறிப்பு நோட்டு.
3. உதவிப் பொறியாளரின் வீட்டு முகவரிச் சீட்டு (திருப்பி ஒப்படைக்கப்படுகிறது).
4. ஈரத்துணி ஒன்று (பின்குறிப்பு காண்க).

பின்குறிப்பு: நான் மேலே கையெழுத்திட்டுக்கொண்டிருந்தபோது, கோரிக்கை (ஈ)க்கு அனுமதி வரும்வரை காத்திராமல், என் மனைவி சுண்ணக்கட்டிக் கோட்டுக்குள் இருந்ததை இந்த ஈரத்துணியால் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். அது பூஞ்சை இல்லை. முதல் சுவரில் இருந்ததும் பூஞ்சையாக இருந்திருக்காது. நான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும்போது என் பின்னந்தலை படும் இடம் அது. மனைவி ஊரிலிருந்து வரும்போது கொஞ்சம் இளமையாக இருப்போமே என்று, அவர் ஊருக்குப் போன வாரத்திலிருந்து செவ்வாய்தோறும் தலைக்குப் போட்டுவருகிறேன். "வந்த அன்னைக்கே பாத்தேன். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன்" என்கிறார். சாயப் பெட்டியின்மேல் "இயற்கைக் கருமை. எதிலும் ஒட்டாது" என்று அச்சிட்டிருக்கிறது.